ஆட்டோவுக்கு டிப்ளமா வேண்டும், விமானத்துக்கு வேண்டாமா?

திண்டுக்கல் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு ஷேர் ஆட்டோவுக்கு எஃப்.சி. வாங்க வேண்டும் என்றால், வண்டியைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் மோட்டார் வாகன ஆய்வாளர். ஊர்ப் பாஷையில் பிரேக் இன்ஸ்பெக்டர். இந்த வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி. என்ன கேட்கிறது தெரியுமா? ஆட்டோமொபைல் அல்லது மெக்கானிக்கல் இன்ஜினியரிங் டிப்ளமா, ஒர்க்‌ஷாப் அனுபவம், கனரக வாகனம் ஓட்டும் லைசென்ஸ். நியாயம்தானே? பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவர் பிரேக் சரியாக இருக்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும்?

இப்போது டெல்லி சஃப்தர்ஜங் பக்கம் போவோம். அங்கே டி.ஜி.சி.ஏ. என்று ஒரு அலுவலகம். இந்தியாவில் எந்த விமானம் பறக்கலாம், எந்த பைலட் ஓட்டலாம், பைலட் எத்தனை மணி நேரம் தூங்கியிருக்க வேண்டும், எந்த ஏர்லைன்ஸுக்கு லைசென்ஸ், யாருடைய லைசென்ஸ் கட் என்று எல்லாமே அங்கேதான் முடிவாகும். அதன் தலைமை நாற்காலிக்கு 2025 ஜனவரியில் வந்த ஃபைஸ் அகமது கித்வாய் எங்கிருந்து வந்தார்? மத்திய வேளாண் துறையிலிருந்து. அதற்கு முன் அதே நாற்காலியில் இருந்த விக்ரம் தேவ் தத் எங்கே போனார்? நிலக்கரித் துறைச் செயலாளராக.

விவசாயத்திலிருந்து விமானம், விமானத்திலிருந்து நிலக்கரி. பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறுவது மாதிரி.

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இதில் பெயர் வரும் அதிகாரிகள் யாரும் திறமை இல்லாதவர்கள் என்பதல்ல வாதம். இந்தியாவிலேயே கடினமான தேர்வை எழுதி ஜெயித்தவர்கள் அவர்கள். குற்றம் அவர்களை இப்படி ஊர் சுற்ற வைக்கிற ஏற்பாட்டின் மேல்.

நம்மூர் கலெக்டர் கதை

இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள திண்டுக்கல்லைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1985 செப்டம்பர் 15 அன்று பழைய மதுரை மாவட்டத்திலிருந்து திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதன் முதல் கலெக்டர் எம்.மாதவன் நம்பியார், தமிழ்நாடு கேடர் ஐ.ஏ.எஸ். பட்டா, பஞ்சாயத்து, ரேஷன், குடிநீர் என்று ஒரு புது மாவட்டத்துக்கு என்னென்ன தலைவலி உண்டோ அத்தனையும் அந்த நாற்காலிக்கு வந்திருக்கும்.

கால் நூற்றாண்டு கழித்து, 2009, 2010ஆம் ஆண்டுகளில், அதே மாதவன் நம்பியார் டெல்லி ராஜீவ் காந்தி பவனில் இந்திய விமானப் போக்குவரத்துத் துறைச் செயலாளர்! ஏர் இந்தியா கடனில் மூழ்கிக்கொண்டிருந்த நேரம். 2010 மே 22 அன்று மங்களூரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்த நேரமும் அதுதான்.

திண்டுக்கல்காரர்கள் இதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்ளலாம். நம்ம மாவட்டத்தின் முதல் கலெக்டர் நாட்டின் வானத்தையே நிர்வகித்தார் என்று. ஆனால் பெருமைப்பட்டு முடித்த பிறகு ஒரு கேள்வியும் கேட்க வேண்டும். கலெக்டர் ஆபீசிலிருந்து விமானத் துறையின் உச்சி வரை ஒரு பாதை இருக்கிறது. சரி. ஆனால் விமானத் துறைக்குள்ளேயே ஓர் ஏர்வொர்தினஸ் அதிகாரியாகச் சேர்ந்து, இன்ஜினைப் பிரித்துப் பார்த்து, விபத்து நடந்த இடங்களில் சிதறிய உலோகத்தைப் பொறுக்கி, முப்பது வருஷம் வேலை பார்த்தவருக்கு அதே உச்சிக்குப் பாதை இருக்கிறதா?

கிட்டத்தட்ட இல்லை. முன்பெல்லாம் டி.ஜி.சி.ஏ. தலைமைக்கு எச்.எஸ்.கோலா மாதிரித் துறையிலேயே வளர்ந்த தொழில்நுட்ப அதிகாரிகளும் வந்திருக்கிறார்கள். 2008ல் நசீம் ஜைதி வந்ததிலிருந்து வரிசையைப் பாருங்கள்: பரத் பூஷண், அருண் மிஸ்ரா, பிரபாத் குமார், எம்.சத்தியவதி, பி.எஸ்.புல்லர், அருண் குமார், விக்ரம் தேவ் தத், கித்வாய். எல்லோருமே ஐ.ஏ.எஸ். தொழில்நுட்ப அதிகாரிக்கு இணை இயக்குநர் ஜெனரல் வரைக்கும்தான் ஏணி. அதற்கு மேல் திண்டுக்கல் பூட்டு போட்டிருக்கிறது. சாவி வேறு சர்வீஸிடம்.

விமானத் துறை ஒரு வெயிட்டிங் ரூம்

இந்தத் துறையில் உட்கார்ந்தவர்கள் பிறகு எங்கே போனார்கள் என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும்.

அசோக் சாவ்லா: விமானத் துறைச் செயலாளர், பிறகு நிதித் துறை, பிறகு போட்டி ஆணையத் தலைவர்.

நசீம் ஜைதி: டி.ஜி.சி.ஏ. தலைவர், விமானத் துறைச் செயலாளர், பிறகு தலைமைத் தேர்தல் ஆணையர்.

அசோக் லவாசா: 2014ல் சில மாதங்கள் மட்டும் விமானத் துறைச் செயலாளர். பிறகு சுற்றுச்சூழல், நிதி, தேர்தல் ஆணையர், அதன்பின் ஆசிய வளர்ச்சி வங்கியின் துணைத் தலைவர்.

பரத் பூஷண்: டி.ஜி.சி.ஏ. தலைவர். கிங்ஃபிஷர் தள்ளாடிக்கொண்டிருந்த 2012 ஜூலையில் திடீரென்று மாற்றப்பட்டார். பிறகு கேரளத்தின் தலைமைச் செயலாளர்.

எம்.சத்தியவதி: டி.ஜி.சி.ஏ.வின் முதல் பெண் தலைவர். பிறகு தொழிலாளர் துறைச் செயலாளர், யு.பி.எஸ்.சி. உறுப்பினர்.

ஆர்.என்.சௌபே: இவரும் தமிழ்நாடு கேடர். 2015லிருந்து 2019 வரை விமானத் துறைச் செயலாளர். பிறகு யு.பி.எஸ்.சி. உறுப்பினர்.

பிரதீப் சிங் கரோலா: பெங்களூரு மெட்ரோ, ஏர் இந்தியா, விமானத் துறைச் செயலாளர், பிறகு டெல்லி பிரகதி மைதானத்தில் வர்த்தகக் கண்காட்சி நடத்தும் ஐ.டி.பி.ஓ.வின் தலைவர். 2024ல் நீட் வினாத்தாள் பிரச்சினை வெடித்தபோது தேர்வு நடத்தும் என்.டி.ஏ.வையும் கூடுதலாக அவர் கையில் கொடுத்தார்கள். ரயில், விமானம், கண்காட்சி, நீட்!

இவர்கள் ஒவ்வொருவரும் அந்தந்த வேலையை நன்றாகவே செய்திருக்கலாம். ஆனால் இந்தப் பட்டியலில் ஒன்று கண்ணில் படுகிறதா? விமானத் துறையிலிருந்து தேர்தல் ஆணையத்துக்குப் போக முடிகிறது, யு.பி.எஸ்.சி.க்குப் போக முடிகிறது, நிலக்கரிக்குப் போக முடிகிறது. விமானத் துறையிலேயே இருந்து அதில் நிபுணராக ஆவதற்கு மட்டும் எந்த லாபமும் இல்லை. ஓர் அதிகாரி ஓடுபாதை, பைலட் களைப்பு, இருநாட்டு விமான ஒப்பந்தம் எல்லாம் கற்றுத் தேறும்போது டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வருகிறது. கற்ற பாடம் ஃபைலோடு போய்விடுகிறது. அடுத்தவர் 'அ'னாவிலிருந்து ஆரம்பிக்கிறார்.

இதில் ஜைதி ஒரு நல்ல விதிவிலக்கு. மான்ட்ரியலில் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பில் இந்தியாவின் பிரதிநிதியாக இருந்து, பிறகு டி.ஜி.சி.ஏ., பிறகு செயலாளர் என்று ஒரே துறையில் ஏழெட்டு வருஷம் இருந்தார். ஒரு பொது நிர்வாக அதிகாரியாலும் நிபுணராக முடியும், நேரம் கொடுத்தால். அந்த நேரத்தைத்தான் யாருக்கும் கொடுப்பதில்லை.

அதனால் என்ன குடி முழுகிப் போச்சு?

நியாயமான கேள்வி. நான்கு விஷயங்களைப் பார்ப்போம்.

முதலாவது, 2014. அந்த ஜனவரி 31 அன்று அமெரிக்க விமான நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. இந்தியாவின் பாதுகாப்புத் தரத்தை இரண்டாம் வகைக்கு இறக்கியது. முக்கியமான காரணங்களில் ஒன்று, விமான இயக்கத்தைச் சோதிக்கத் தேவையான முழுநேர ஆய்வாளர்கள் டி.ஜி.சி.ஏ.வில் போதுமான அளவு இல்லை. ஏர் இந்தியாவும் ஜெட் ஏர்வேஸும் அமெரிக்காவுக்குப் புதிய சேவை தொடங்க முடியாமல் போனது. 75 ஆய்வாளர்களை எடுக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததுகூடத் தரம் இறங்குவதற்குப் பதினோரு நாட்களுக்கு முன்புதான். பழைய தரம் திரும்பி வர 2015 ஏப்ரல் ஆனது. ஆய்வாளர்கள் இல்லை என்பது திடீரென்று ஒரு நாளில் வருகிற வியாதி அல்ல. வருஷக்கணக்காகச் சேர்ந்தது. ஆனால் நாற்காலியில் வருஷக்கணக்காக யாரும் இல்லையே!

சரி, பாடம் கற்றுக்கொண்டார்களா? 2025 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு கொடுத்த அறிக்கையைப் படித்தால் தலை சுற்றும். டி.ஜி.சி.ஏ.வில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் 1,063. ஆள் இருந்தது 553 இடங்களில். பாதி நாற்காலி காலி.

இரண்டாவது, மங்களூரும் கோழிக்கோடும். 2010ல் மங்களூர் விபத்து. மலை உச்சியைச் செதுக்கிய டேபிள்டாப் ஓடுபாதை. அதற்குப் பிறகு துறையின் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் இருந்த கேப்டன் மோகன் ரங்கநாதன், கோழிக்கோடு ஓடுபாதை மழைக்காலத்தில் ஆபத்து என்று 2011லேயே எழுதிக் கொடுத்தார். 2020 ஆகஸ்ட் 7 அன்று, கொட்டும் மழையில், அதே கோழிக்கோட்டில் இன்னொரு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 21 பேர் பலி. விமானி விதிமுறையை மீறித் தரையிறக்கியதைத்தான் விசாரணை அறிக்கை முதல் காரணமாகச் சொன்னது. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் எச்சரிக்கைக் கடிதத்துக்கும் விபத்துக்கும் நடுவே ஒன்பது வருஷம். அதற்குள் அரை டஜன் செயலாளர்கள், அரை டஜன் டி.ஜி.சி.ஏ. தலைவர்கள் வந்து போயிருக்கிறார்கள். அந்தக் கடிதம் யாருடைய பொறுப்பு? வாங்கியவர் போய்விட்டார். வந்தவர் வாங்கவில்லை.

மூன்றாவது, உடான். சாமானியனும் பறக்கலாம் என்று 2016ல் ஆரம்பித்த திட்டம். 2023ல் சி.ஏ.ஜி. கணக்குப் பார்த்தார். முதல் மூன்று சுற்றுகளில் கொடுத்த வழித்தடங்கள் 774. பறக்க ஆரம்பித்தவை 371. மூன்று வருஷ மானியக் காலம் முடிந்தும் 2023 மார்ச்சில் தாக்குப்பிடித்தவை 54. நூற்றுக்கு ஏழு! தமிழ்நாட்டில் சேலத்துக்கு 2018ல் விமானம் வந்தது, 2021ல் நின்றது, 2023 அக்டோபரில் திரும்ப வந்தது. கணக்கு வெளியான நாளில் திட்டம் தீட்டியவர்கள் வேறு வேறு இடங்களில் இருந்தார்கள். தோற்றதற்கு யார் பதில் சொல்வது? நல்லதை வளர்க்கவும் ஆள் இல்லை, கெட்டதைத் திருத்தவும் ஆள் இல்லை.

நான்காவது, 2025 டிசம்பர். பைலட்டுகளுக்குக் கூடுதல் ஓய்வு தர வேண்டும் என்ற புது விதி நவம்பரில் முழுமையாக அமலுக்கு வந்தது. இண்டிகோ போதுமான பைலட்டுகளை ஏற்பாடு செய்யவில்லை. ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. நாடு முழுக்க ஏர்போர்ட்டில் ஜனங்கள் பெட்டி மேல் தலை வைத்துப் படுத்தார்கள். டி.ஜி.சி.ஏ. என்ன செய்தது? இரவுப் பணி விதியிலிருந்து அந்த நிறுவனத்துக்குத் தற்காலிக விலக்கு கொடுத்தது. கொஞ்ச நாளில் நான்கு ஃப்ளைட் ஆபரேஷன்ஸ் இன்ஸ்பெக்டர்களை வீட்டுக்கு அனுப்பியது. ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவர்கள் அவர்கள். மேலே இருக்கிற நாற்காலிக்காரருக்கு எந்தத் தவறு நடந்தாலும் அடுத்த போஸ்டிங் உண்டு. கீழே இருக்கிற தொழில்நுட்பக்காரருக்கு அதுவும் இல்லை.

ரயிலுக்கு ஒரு நியாயம், விமானத்துக்கு ஒரு நியாயம்

ஒரு வேடிக்கை. இந்தியாவில் ரயில் விபத்து நடந்தால் யார் விசாரிப்பது? ரயில்வே பாதுகாப்பு ஆணையம். அது எந்த அமைச்சகத்தின் கீழ் வருகிறது? விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ்! ஏன் அப்படி? ரயில்வேயின் தப்பை ரயில்வே அமைச்சகமே விசாரித்தால் நியாயமாக இருக்காது என்பதால். அருமையான ஏற்பாடு.

அப்படியானால் விமான விபத்து நடந்தால்? விமான விபத்து விசாரணைப் பிரிவு, அதாவது ஏ.ஏ.ஐ.பி. விசாரிக்கும். அது எந்த அமைச்சகத்தின் கீழ்? அதே விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ்! 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் 260 பேரைக் கொன்ற ஏர் இந்தியா விபத்தை விசாரிக்க இறங்கியதும் இதே பிரிவுதான். விதி போடுபவர், விதியைக் கண்காணிப்பவர், கண்காணிப்பு தவறியதா என்று விசாரிப்பவர், மூன்று பேருக்கும் ஒரே மேலாளர். ரயிலுக்குத் தெரிந்த நியாயம் விமானத்துக்கு ஏன் தெரியவில்லை?

எதிர்வாதங்கள்

"கொள்கை வகுப்பது நிர்வாகம். அதற்கு இன்ஜினியர் எதற்கு? நிலம் எடுக்கணும், மாநில அரசிடம் பேசணும், நிதி அமைச்சகத்திடம் பணம் வாங்கணும். இதெல்லாம் கலெக்டராக இருந்தவர்களுக்குத்தான் தெரியும்."

பாதி உண்மை. அமைச்சகத்தின் செயலாளராக ஐ.ஏ.எஸ். இருப்பதில் பெரிய தப்பு இல்லை. ஆனால் டி.ஜி.சி.ஏ. கொள்கை வகுக்கும் இடம் அல்ல. பாதுகாப்பைச் சோதிக்கும் இடம். விண்வெளித் துறைக்கு யார் செயலாளர்? இஸ்ரோ தலைவர். நாகர்கோவில் பக்கத்துச் சிவன் இருந்தார், 2025 ஜனவரியில் அதே குமரி மாவட்டத்து நாராயணன் வந்தார். இருவருமே ராக்கெட் இன்ஜினியர்கள். அணுசக்தித் துறைக்கும் விஞ்ஞானிதான் செயலாளர். அங்கெல்லாம் நிலம் எடுக்கவில்லையா, பணம் வாங்கவில்லையா?

"தமிழ்நாட்டில் போக்குவரத்து ஆணையரும் ஐ.ஏ.எஸ்.தானே? பிரேக் இன்ஸ்பெக்டர் கதை எடுபடாது."

எடுபடும். எஃப்.சி.யில் கையெழுத்துப் போடுவது ஆணையர் அல்ல, டிப்ளமா படித்த ஆய்வாளர். அந்த வேலைக்குப் படித்த ஆள் வேண்டும் என்பதில் யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. டி.ஜி.சி.ஏ.வில் அந்த ஆய்வாளர் நாற்காலிகளே பாதி காலி. பைலட் ஓய்வு விதியிலிருந்து விலக்கு கொடுப்பது மாதிரியான முடிவுகள் உச்சியில்தான் எடுக்கப்படுகின்றன.

"துறைக்குள்ளிருந்து ஆள் எடுத்தால் ஏர்லைன்ஸுக்கு ஆதரவாக நடப்பார்கள்."

இது உண்மையான பயம். ஏர்லைன்ஸில் இருந்து வந்து, திரும்ப ஏர்லைன்ஸுக்கே போகிறவர் கை நடுங்கத்தான் செய்யும். ஆனால் மருந்து வேறு. பதவி முடிந்து சில வருஷம் எந்த விமான நிறுவனத்திலும் சேரக் கூடாது என்று சட்டம் போடலாம். தொழில் தெரியாதவரை உட்கார வைத்தால் ஏர்லைன்ஸ்காரர்கள் சொல்வதை நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழி ஏது?

அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே எஃப்.ஏ.ஏ. தலைவருக்கு ஐந்து வருஷப் பதவிக்காலம், விமானத் துறை அனுபவம் கட்டாயம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. 2023 மார்ச்சில் ஃபில் வாஷிங்டன் என்பவர் அந்தப் பதவிக்கான போட்டியிலிருந்து விலகினார். அவருக்கு விமானத் துறை அனுபவம் போதாது என்று எதிர்ப்பு. அவர் அப்போது என்ன வேலையில் இருந்தார் தெரியுமா? டென்வர் விமான நிலையத்தின் தலைமை அதிகாரி! ஒரு பெரிய ஏர்போர்ட்டையே நடத்துகிறவருக்கு அங்கே அனுபவம் போதாது. இங்கே வேளாண் துறை போதும்.

என்ன செய்யலாம்?

1. டி.ஜி.சி.ஏ. தலைவர் பதவியை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும். ஐ.ஏ.எஸ்.காரரும் போட்டியிடட்டும், விமானப்படையில் இருந்தவரும் போட்டியிடட்டும், துறையிலேயே வளர்ந்த இன்ஜினியரும் போட்டியிடட்டும். பத்து வருஷ விமானத் துறை அனுபவம், ஐந்து வருஷ நிரந்தரப் பதவிக்காலம். இடையில் தூக்குவதென்றால் நாடாளுமன்றத்தில் காரணம் சொல்ல வேண்டும்.

2. ஏ.ஏ.ஐ.பி.யை விமான அமைச்சகத்தின் கையிலிருந்து எடுக்க வேண்டும். ரயில்வே பாதுகாப்பு ஆணையத்துக்கு என்ன நியாயமோ அதே நியாயம்.

3. ஐ.ஏ.எஸ். அதிகாரிகளுக்கு நடுப்பணிக் காலத்தில் ஒரு துறையை ஒதுக்கி அதிலேயே வளர விட வேண்டும். இது புது யோசனை அல்ல. வீரப்ப மொய்லி தலைமையிலான இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2008லேயே சொன்னது. அதிகாரிகளுக்குக் குறைந்தபட்சப் பதவிக்காலம் வேண்டும் என்று தஞ்சாவூர்க்காரரான முன்னாள் கேபினட் செயலாளர் டி.எஸ்.ஆர்.சுப்பிரமணியன் தொடுத்த வழக்கில் 2013ல் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது.

4. காலியிடங்களை நிரப்ப வேண்டும். ஒப்பந்த வேலையாக அல்ல, மேலே வரை போகிற ஏணியோடு.

2013ல் டி.ஜி.சி.ஏ.வுக்குப் பதிலாகத் தன்னாட்சி ஆணையம் அமைக்க மக்களவையில் மசோதா வந்தது. 2014 தேர்தலோடு அது காலாவதியானது. 2020ல் சட்டத் திருத்தம் வந்து டி.ஜி.சி.ஏ.வுக்குச் சட்ட அந்தஸ்து கிடைத்தது. 2025 ஜனவரி 1 முதல் 1934ஆம் வருஷத்துப் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டமும் வந்துவிட்டது. பெயரெல்லாம் மாறியது. நாற்காலிக்குப் போகிற பாதை மட்டும் மாறவில்லை.

திண்டுக்கல்லில் ஏர்போர்ட் இல்லை, நமக்கென்ன என்று கேட்கலாம். நிலக்கோட்டை மல்லிகை விமானம் ஏறித்தான் வெளிநாடு போகிறது. சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் மதுரையிலோ திருச்சியிலோதான் வந்து இறங்குகிறார்கள். எந்த வெளிநாட்டு நிறுவனம் எந்த ஊரில் இறங்கலாம் என்று ஒப்பந்தம் பேசுவதும் அதே ராஜீவ் காந்தி பவன்தான்.

அதைவிட முக்கியமாக, திண்டுக்கல் சுற்றுவட்டாரத்திலிருந்து ஏரோநாட்டிகல் இன்ஜினியரிங் படிக்க வருஷா வருஷம் பிள்ளைகள் கிளம்புகிறார்கள். பெற்றவர்கள் கடன் வாங்கிக் கட்டுகிற ஃபீஸ் அது. அப்படிப் படித்த ஒருவர் நாளை போட்டித் தேர்வு எழுதி டி.ஜி.சி.ஏ.வில் சேர்ந்தால், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த அலுவலகத்தின் தலைமை அறைக்குள் ஃபைல் தூக்கிக்கொண்டுதான் போக முடியும். தலைவராகப் போக வேண்டும் என்றால், படித்த விமானத்தை மறந்துவிட்டு முதலில் எங்காவது ஒரு மாவட்டத்துக்குக் கலெக்டராக வேண்டும்.

விமானத்தைப் படித்தவனுக்கு விமானத் துறையில் இதுதான் வழி என்றால், அந்தத் துறை எப்படி உருப்படும்?